பனஞ்சிலாகையில் ஒரு வில்

பாடசாலை நாடகத்தில் என் மகனுக்குக் கண்ணப்ப நாயனார் வேடம் கிடைத்தது. பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வளைத்து, பழுப்புத் தாள் ஒட்டி, சணற்கயிறு கட்டி ஒரு வில் செய்து கொடுத்தேன். மேடையில் நன்றாகவே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை என்னிடம் நீட்டி, “அம்மா, கண்ணப்பரின் வில் எய்யுமே, இது ஏன் எய்யாது?” என்று கேட்டான். பத்து வயதுப் பிள்ளையின் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. வளைகிற எல்லாம் வில் ஆகாது என்பது எனக்குத் தெரியும். எது வில் ஆகும் என்று அறிந்துகொள்ளத்தான் ஏழு மாதங்களும் ஒரு முறிந்த பலகையும் தேவைப்பட்டன.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. பகலில் நான் கணக்கு எழுதுகிறவள். தச்சு மேசை கிடையாது. சமையலறைக்குப் பின்னால் உடுப்புக் காயப்போடும் பல்கனிதான் என் பட்டறை. ஒரு வாள், ஒரு சீவுளி, இரண்டு அரம், இரண்டு கிளாம்ப் ஆகியவற்றைப் புறக்கோட்டையில் வாங்கினேன். வில் செய்ய இதற்கு மேல் கருவி தேவையில்லை என்பதை இப்போது உறுதியாகச் சொல்வேன். மின்கருவி இல்லாததே நல்லது. அது கண் பார்ப்பதற்குள் மரத்தைத் தின்றுவிடும்.

முதற் பலகையை மரக்காலை ஒன்றில் வாங்கினேன். மகோகனி, ஆறடி நீளம். அங்கே நின்ற பையன் நான்கைந்து துண்டுகளை எடுத்துக் காட்டினான். சிவப்பு நிறம் சீராக, ஒரு முடிச்சும் இல்லாமல் இருந்த ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். மூன்று வார இறுதிகளில் அதை வில்லின் வடிவத்துக்குக் கொண்டுவந்து, நாண் கட்டி, ஒரு சனிக்கிழமை பின்னேரம் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். பதினெட்டு அங்குலம் வந்தபோது ‘டிக்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்டது. பல்லி சொன்னதாக நினைத்து மீண்டும் இழுத்தேன். அடுத்த கணம் வில்லின் மேல் கை, அதாவது பிடிக்கு மேலுள்ள பாதி, பிளந்து, ஒரு முழ நீளத் துண்டு கொடியில் தொங்கிய துவாய்களைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதியது. நான் சற்று விலகி நின்றிருக்காவிட்டால் அது முகத்தில் பட்டிருக்கும். வில் செய்யத் தொடங்குகிறவர்கள் அந்தச் சத்தத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘டிக்’ என்று கேட்டால் அந்த இடத்திலேயே நாணைத் தளர்த்திவிட்டு, வெளிச்சத்தில் வைத்து ஓர் அங்குலமும் விடாமல் பார்க்க வேண்டும்.

முறிந்த துண்டுகளை எங்கள் ஒழுங்கையின் முனையில் இருக்கும் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரிடம் கொண்டுபோனேன். தென்மராட்சிக்காரர். மகோகனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“நிறத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறீர், பிள்ளை. நார் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.”

“நார் எப்படி ஐயா தெரியும்? எல்லாம் ஒன்றுபோல்தானே இருக்கிறது?”

அவர் தையல் ஊசி ஒன்றை எடுத்தார். பலகையின் மீது கையை அழுத்தாமல், ஊசியைத் தன் போக்கில் விட்டு இழுத்தார். அது நேராகப் போகவில்லை. நாரோடு சேர்ந்து சரிந்து சரிந்து, ஏழு அங்குலத்துக்குள் பலகையின் ஓரத்தால் வெளியே வந்துவிட்டது. முறிவும் அச்சொட்டாக அந்தக் கோட்டில்தான் போயிருந்தது.

வில்லை இழுக்கும்போது, இலக்கைப் பார்க்கும் பக்கம் நீள்கிறது; எய்கிறவரைப் பார்க்கும் பக்கம் நெரிபடுகிறது. முதலாவதை முதுகு என்றும் இரண்டாவதை வயிறு என்றும் நானும் ஐயாவும் சொல்லிக்கொண்டோம். நீள்கிற முதுகைத் தாங்குவது நுனியிலிருந்து நுனிவரை அறாமல் ஓடும் நார்தான். அது பாதி வழியில் ஓரத்தால் வெளியேறிவிட்டால், அந்த இடத்தில் நாருக்கும் நாருக்கும் இடையிலுள்ள பசைதான் மிச்சம். அது இழுவையைத் தாங்காது, பிளந்துவிடும். மரக்காலைக்குப் போகிறவர்கள் ஓர் ஊசியைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். பலகையின் இரண்டு முகத்திலும் இரண்டு ஓரத்திலும் இழுத்துப் பாருங்கள். ஐம்பது பலகை பார்த்து ஒன்றும் சரிவராமல் வெறுங்கையோடு திரும்பினாலும் நட்டமில்லை.

ஐயாவிடம் இரண்டு பனஞ்சிலாகைகள், அதாவது கூரைக்குப் போடும் நீண்ட பனஞ்சட்டங்கள், இருந்தன. யாழ்ப்பாணத்தில் பழைய வீடு ஒன்றின் கூரையிலிருந்து கழற்றி, கொழும்பில் ஓர் உணவகத்தின் உள் அலங்காரத்துக்குக் கொண்டுவந்தவற்றில் மிஞ்சியவை. “சேரனுக்குக் கொடியில் வில், கழுத்தில் பனம்பூ மாலை. பனையில் வில் செய்யாமல் வேறு எதில் செய்யப்போகிறீர்?” என்று சொல்லி, இரண்டையும் என்னிடம் தந்துவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். பிறகு தேடிப் படித்தபோது, வில்லுக்கு உரிய பொருள்களை வரிசைப்படுத்தும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பனை, மூங்கில், மரம், கொம்பு என்று பனையையே முதலில் சொல்லியிருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன்.

பனை மற்ற மரங்களைப் போன்றதில்லை. அது ஒருவித்திலைத் தாவரம். ஆண்டு வளையம் கிடையாது. மற்ற மரங்களுக்கு வைரம் உள்ளே இருக்கும், பனைக்கு வெளியே. பழந்தமிழர் இதைப் புறக்காழ் என்று சொல்லி, பனையையும் தென்னையையும் மூங்கிலையும் புல்லோடு சேர்த்தார்கள். சிலாகையைக் குறுக்கே அறுத்த முகத்தில் அதைக் கண்ணால் காணலாம்: பட்டையை ஒட்டிய பக்கத்தில் கரிய நார்ப்புள்ளிகள் இடைவெளியின்றி நெருங்கியிருக்கும்; உள்ளே போகப் போகப் புள்ளிகள் அருகி, வெளிறிய சோற்றி, அதாவது மென்மையான உட்பகுதி, தெரியும். நான் பட்டைப் பக்கத்தை முதுகாக வைத்து, சோற்றிப் பக்கம் முழுவதையும் சீவி எறிந்தேன். முதுகில் சீவுளியை வைக்கவே இல்லை. பழைய புகைக்கறையை அரத்தாளால் தேய்த்ததோடு சரி.

பனஞ்சிராய் கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. கரிய நார் ஊசிபோல் இறங்கி உள்ளே உடைந்துவிடும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். சீவுளியின் அலகு அரை மணிநேரத்தில் மழுங்கிவிடும். மழுங்கியதோடு மல்லுக்கட்டினால் நாரைப் பெயர்த்தெடுத்துவிடும். கடைசி நுணுக்க வேலைக்கு ஐயா காட்டிய வழிதான் சிறந்தது: கண்ணாடித் துண்டொன்றைத் துணியில் சுற்றிப் பிடித்து, அதன் விளிம்பால் சுரண்டுவது. மாவுபோல் பொடி உதிரும். எவ்வளவு போகிறது என்பது முழுக்கக் கைக்குள் இருக்கும்.

அடுத்து ஈரப்பதன். கொழும்பில் வில் செய்ய நினைக்கும் எவரும் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்க வேண்டும். ‘அறுபது வருடம் கூரையில் இருந்த மரம், இனி என்ன காய வேண்டும்?’ என்றுதான் நானும் எண்ணினேன். மரம் எத்தனை பழையதானாலும் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு கூடிக் குறையும். நமது கடற்கரைக் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேல். அந்தக் காற்றில் கிடக்கும் மரத்தில் 14 அல்லது 15 வீதம் நீர் இருக்கும். வில்லுக்கு நல்லது 8 முதல் 10 வீதம். ஈரமான மரம் சட்டென்று முறியாது. ஆனால் வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். நாணைக் கழற்றிய பிறகும் கூனிப்போயிருக்கும் வில்லில் விசை இராது.

அளவாகச் சீவிய பிறகு, நீளமான அட்டைப்பெட்டிகள் இரண்டை ஒட்டி, உட்புறம் அலுமினியத் தாள் பரப்பி, இரண்டு முனையிலும் துளையிட்டு, நடுவில் 60 வாற்று இழைக்குமிழ் ஒன்றைப் பொருத்தினேன். எல்ஈடி குமிழ் சூடாகாது, உதவாது. குமிழ் அட்டையைத் தொடாதபடி கம்பிக் கூடு போட்டேன். வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் எரியவிட்டேன். தூங்கப் போகுமுன் அணைத்துவிடுவேன். ஈரம் அளக்கும் கருவி என்னிடம் இல்லை. சமையலறைத் தராசு போதும். முதல் நாள் 940 கிராம். தினமும் காலையில் நிறுத்து நாட்காட்டியில் எழுதினேன். 931, 922, 914 என்று இறங்கி, பன்னிரண்டாம் நாள் 886-இல் நின்றது. மூன்று நாட்கள் அதே நிறை காட்டியதும் எடுத்தேன். பெட்டியின் சூட்டில் இதற்கு மேல் காயாது என்பதற்கு அதுவே அடையாளம்.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்த நீளம் 66 அங்குலம். நடுவில் நான்கு அங்குலம் பிடி. அது வளையக்கூடாது, முழுத் தடிப்போடு விட்டேன். பிடியிலிருந்து இரு புறமும் இரண்டு அங்குலத்துக்குள் தடிப்பைச் சரிவாகக் குறைத்துக் கைகளோடு சேர்த்தேன். கைகளின் அகலம் பாதி நீளம்வரை ஒன்றரை அங்குலம், பிறகு ஒடுங்கி நுனியில் அரை அங்குலம். நுனிகளில் நாண் உட்காரும் வெட்டுக்குக் குதை என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. குதையை வட்ட அரத்தால் பக்கங்களில் மட்டும் வெட்டுங்கள். முதுகுக்குக் குறுக்கே வெட்டினால் காத்துவந்த நாரை நீங்களே அறுத்ததாகிவிடும். முதலாவது வில்லை நீளமாகச் செய்வது நல்லது. இழுக்கப்போகும் தூரத்தைப் போல இரண்டரை மடங்கு நீளம் இருந்தால் மரம் பல பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்.

இனி இரண்டு கைகளும் ஒரே சீராக வளையும்படி செய்யும் வேலை. வில் செய்வது என்றால் உண்மையில் இதுதான், மற்றதெல்லாம் தச்சுவேலை.

ஐந்தடிப் பலகை ஒன்றில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டாக வெட்டி, பல்கனிச் சுவரில் நிமிர்த்திக் கட்டினேன். அதன் தலையில் வில்லின் பிடியை வைத்து, நாணின் நடுவில் கயிறு கட்டி, கீழே ஒரு கப்பியூடாக எடுத்து, எதிர்மூலையில் நின்று இழுத்தேன். இழுக்கும்போது வில்லுக்கு நேரே நிற்கக்கூடாது. நாணுக்கும் கயிற்றுக்கும் நடுவே மீன்காரர் தொங்கவிட்டு நிறுக்கும் வகையான விற்றராசு ஒன்றைக் கோத்தேன். அதன் பெயருக்குள்ளும் வில் இருப்பதை மகன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். பின்னாலுள்ள சுவரில் கோடுகள் போட்ட தாளை ஒட்டினேன். ஒவ்வொரு முறையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அதை இடம்வலமாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நேரில் சரியாகத் தெரிந்த வளைவின் பிழை, திருப்பிய படத்தில் உடனே தெரிந்தது.

முறை ஒன்றுதான். வளையாமல் விறைத்து நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கே வயிற்றுப் பக்கத்தில் மட்டும் சுரண்ட வேண்டும். நன்றாக வளையும் இடத்தைத் தொடக்கூடாது. சுரண்டிய பிறகு, குறைந்த தூரத்துக்கு முப்பது தடவை இழுத்து விட வேண்டும். மரம் தான் இழந்ததை அந்த முப்பது இழுப்பில்தான் காட்டும். அதற்கு முன் மீண்டும் சுரண்டினால் தேவைக்கு மேல் எடுத்துவிடுவோம். வில்லை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசையை அதன் பாரம் என்பார்கள். எந்த நிலையிலும், இறுதியில் வேண்டிய பாரத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. எனக்கு வேண்டியது 35 இறாத்தல். பத்து அங்குலத்திலேயே தராசு 35 காட்டினால், அன்றைக்குப் பத்து அங்குலத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

தடிப்பைப் பற்றி ஒரு கணக்கு. கணக்கு எழுதுகிறவள் என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்தது. விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 16 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு மில்லிமீற்றரைச் சீவினால், விறைப்பில் ஏறத்தாழ 18 வீதம் போய்விடும். அகலத்தில் அதே பங்கைக் குறைத்தால் 6 வீதம்தான் போகும். எனவே பெரிய திருத்தத்தைத் தடிப்பிலும், நுண்ணிய திருத்தத்தை அகலத்திலும் செய்யலாம். இந்தக் கணக்கை ஓர் ஆடி மாத இரவில், செய்யக்கூடாததைச் செய்துவிட்ட பிறகுதான் போட்டுப் பார்த்தேன். கீழ்க்கையின் நடுப்பகுதி விறைப்பாக இருந்தது. நேரமாகிவிட்டது, இன்றைக்கே முடித்துவிடலாம் என்ற அவசரத்தில் கண்ணாடித் துண்டை வைத்துவிட்டுச் சீவுளியை எடுத்தேன். நான்கு இழுப்பு. நாணைப் பூட்டி இழுத்தால், அந்த இடம் முழங்கை மடிவதுபோல் மடிந்தது.

மறுநாள் வில்லை ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் நெடுநேரம் தடவிப் பார்த்தார். “எடுத்ததை ஒட்ட முடியாது, பிள்ளை. மெலிந்தவனை ஊட்ட முடியாவிட்டால், மற்றவர்கள்தான் அவன் அளவுக்கு இறங்கிவர வேண்டும்” என்றார். அப்படித்தான் செய்தேன். மடிந்த இடத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வேலி போட்டேன். அதன் இரு புறமும், பிறகு மேல் கை முழுவதும் என்று கண்ணாடித் துண்டால் மூன்று வாரங்கள் சுரண்டினேன். வளைவு சீரானது. ஆனால் 35 இறாத்தலுக்கு நினைத்த வில், 26 அங்குல இழுப்பில் 24 இறாத்தலில் வந்து நின்றது. நான்கு இழுப்பின் விலை பதினொரு இறாத்தல்.

நாணுக்கு முதலில் நைலோன் கயிறு கட்டினேன். அது இழுபட்டு நீண்டுகொண்டே போனது. தோல் தைக்கும் தடித்த பொலியெஸ்டர் நூலைப் பல இழையாக முறுக்கியது நன்றாக நிற்கிறது. வில்லின் பாரத்தைப் போல நான்கு மடங்கேனும் தாங்கும் நாண் வேண்டும். பூச்சட்டியில் நிற்கும் மருளிலிருந்தும் நார் எடுத்துப் பார்த்தேன். இலங்கையில் இயல்பாக வளரும் அந்தச் செடியை ஆங்கிலேயர் ‘இலங்கை வில்நாண் சணல்’ என்ற பொருளில் அழைத்தார்கள். மொட்டைக் கத்தியால் இலையை வழித்தால், சதை போய் வெண்பட்டு போன்ற நார் வரும். முறுக்கிய நாண் அழகாக இருந்தது. என் முறுக்கு இன்னும் சீராக வரவில்லை என்பதால் வில்லில் பூட்டவில்லை.

பூச்சுக்கு அரக்குப் பொலிஷ், நான்கு தடவை. எந்தப் பூச்சும் ஈரத்தை முற்றாகத் தடுக்காது, தாமதப்படுத்தும். முதுகில் ஓரிடத்தில் நார் ஒன்று கிளம்பப் பார்த்தது. அங்கே பசை வைத்துப் பருத்தி நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டினேன்.

கொழும்பின் ஒழுங்கையில் அம்பு எய்ய இடமில்லை, எய்யவும் கூடாது. அவிசாவளைப் பக்கம் மைத்துனரின் காணியில், மண்மேட்டுக்கு முன்னால் மணல் மூட்டைகளை அடுக்கினோம். மெல்லிய மூங்கிலில் செய்து கோழியிறகு கட்டிய அம்புகள் ஆறு. மகனிடம் முதலில் சொல்லிக் கொடுத்தது, அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது என்பதை. அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி, அதை உடைத்துவிடும். பதினைந்து அடி தூரத்தில் நின்று அவன் இருபது அங்குலம் இழுத்தான். நாண் விட்ட ஒலி தம்புராவின் தந்தியைச் சுண்டியதுபோல் இருந்தது. அம்பு மூட்டையின் ஓரத்தில் இறங்கி, இறகுவரை நடுங்கிக்கொண்டு நின்றது. அவன் ஓடிப்போய் அதைப் பிடுங்கவில்லை. அது நடுங்கி அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

அன்று வீடு திரும்பி நாணைக் கழற்றியபோது, வில்லில் ஒன்றேகால் அங்குலக் கூன் இருந்தது. முதல் வில்லுக்கு அது நல்ல கணக்கு. ஆனால் ஐப்பசி அடைமழையில், ஒரு வாரமாகச் சுவரில் தொங்கிய வில்லைப் பெட்டியில் காயவைக்காமல் எடுத்துப்போய் நாற்பது அம்பு எய்தோம். கூன் இரண்டரை அங்குலமாகிவிட்டது. அது திரும்பவில்லை. இப்போது மழைநாட்களில் வில்லைத் தொடுவதில்லை. எய்யப் போவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். நாண் கழற்றியபடி, இரண்டு ஆணிகளில் படுக்கைவாட்டில் வைக்கிறேன். மூலையில் சாத்தினால் தன் பாரத்திலேயே வளையும்.

இரண்டாவது சிலாகை இப்போது பெட்டிக்குள் இருக்கிறது. இது ஐயாவுக்கு, 30 இறாத்தல் போதும் என்கிறார். நேற்று 961 கிராம், இன்று காலை 958. நாட்காட்டியில் எழுதுவது இப்போது மகனின் வேலை.